டிசின்னா எந்த டிசி? கேன்சர் சிகிச்சைப் பேருகளை ஒரே சொல்பட்டியலுக்குள்ள கொண்டுவர்றது எப்படி

டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசி வரியில "டிசி 4 சைக்கிள் முடிஞ்சது"ன்னு மட்டும் இருக்கும். மார்பகப் புற்றுநோய் ஃபைல்ல இந்த வரி இருந்தா பெரும்பாலும் டோசிடாக்சலும் சைக்ளோபாஸ்பமைடும் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதே வரி சினைப்பைப் புற்றுநோய் ஃபைல்ல இருந்தா பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும். ரெண்டு டி-யும் வேற, ரெண்டு சி-யும் வேற. ஒண்ணு டாக்சோடியர்ங்கற பிராண்டு பேர்லேர்ந்து வந்த டி, இன்னொண்ணு டாக்சால்ங்கற பிராண்டு பேர்லேர்ந்து வந்த டி. ரெக்கார்ட்ஸ் வேலைக்கு வந்த புதுசுல நான் எக்செல்ல "டிசி"ன்னு ஃபில்டர் போட்டு, வந்ததையெல்லாம் ஒரே சிகிச்சையா எண்ணி ரிப்போர்ட் குடுத்துட்டேன். கீமோ மருந்து கலக்கற ஃபார்மசிஸ்ட் அக்கா அதைப் பாத்துட்டு "இவ்ளோ பேருக்கு நான் கார்போபிளாட்டின் கலக்கவே இல்லையேப்பா"ன்னு கேட்டப்போதான் தப்பு எங்க இருக்குன்னு புரிஞ்சுது.

ட்யூமர் ரெஜிஸ்ட்ரி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், கீமோ ஃபார்மசி, இல்ல ஏதாவது ஆராய்ச்சிக்கு டேட்டா சேக்கற வேலைன்னு இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்காக எழுதறேன். கம்ப்யூட்டர் பெருசா தெரியணும்னு இல்ல, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் பொறுமையும் போதும். ஒண்ணே ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பேரு வேற பொருள் வேற. பேரை பேராவே எழுதி வெக்கணும், பொருளுக்கு ஒரு நம்பர் குடுக்கணும், ரெண்டையும் ஒரு கோடு போட்டு இணைக்கணும். ஸ்டாண்டர்ட் சொல்பட்டியல்னு பெருசா சொல்றதெல்லாம் அடிப்படையில இவ்ளோதான்.

முதல்ல ஒரே ஒரு கேன்சரை எடுங்க

எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொட்டா ரெண்டே வாரத்துல விட்டுடுவீங்க. மார்பகம் இல்லன்னா லிம்போமா எடுங்க, ரெண்டுலயும் சிகிச்சைப் பேருகள் நெறைய வரும், கத்துக்க நல்லா இருக்கும். நூறு ஃபைல் எடுத்து சிகிச்சைன்னு எழுதியிருக்கற ஒவ்வொரு வரியையும் அப்படியே டைப் பண்ணுங்க. ஸ்பெல்லிங் தப்பா இருந்தா தப்பாவே, பாதி வார்த்தைன்னா பாதியாவே. ஸ்ப்ரெட்ஷீட்டோட இந்தக் காலத்துக்கு (column, நெட்டு வரிசை) "உள்ளபடி"ன்னு பேர் வெச்சுக்கோங்க, இதுல அப்புறமா யாரும் கை வெக்கக் கூடாது. நாளைக்கு நம்ம புரிதல் தப்புன்னு தெரிஞ்சா திரும்பிப் போய்ப் பாக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கும், நான் இதைத் திருத்தி எழுதி ஒரு தடவை முந்நூறு ஃபைலை மறுபடி ரேக்குலேர்ந்து எடுக்க வேண்டியதாப் போச்சு.

டாக்டர் எழுதினது மட்டும் இல்ல, பேஷன்ட்டோ வீட்டுக்காரங்களோ சொன்னதும் அதே காலத்துல வரணும். நம்ம ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சு இன்னொண்ணுல முடிக்கறவங்க ஜாஸ்தி, பழைய காகிதம் எல்லாரும் வெச்சிருக்க மாட்டாங்க, அப்போ வாய்ச்சொல்தான் ரெக்கார்ட். "கரண்ட் வெச்சாங்க சார்"ன்னு சொன்னா ரேடியேஷன் சிகிச்சை. ஆனா மனநல வார்டுல அதே "கரண்ட் வெச்சாங்க" வேற சிகிச்சை. ஒரே சொல், ரெண்டு பொருள். இடம் தெரியாம சொல்லை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

செவப்பு மருந்து

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பேசணும். ஒரு அம்மா, மார்புல கட்டி வந்து எடுத்து பல வருஷம் ஆச்சு, இப்போ லிம்போமா. பழைய ஃபைல் வீடு மாத்தினப்போ தொலைஞ்சு போச்சு. பொண்ணுதான் சொன்னாங்க, "அம்மாவுக்கு அப்போ செவப்பா ஒரு மருந்து ஏத்துனாங்க, அன்னைக்கு யூரின் கூட செவப்பா போச்சு, முடியெல்லாம் கொட்டிடுச்சு"ன்னு. இதை எழுதறப்போ புதுசா வர்றவங்க கை தானா டாக்ஸோரூபிசின்னு போட்டுடும். போடக் கூடாது. டாக்ஸோரூபிசின் செவப்புதான், ஆனா எபிரூபிசினும் செவப்பு, டானோரூபிசினும் செவப்பு. அந்தப் பொண்ணு சொன்னதுலேர்ந்து நமக்கு உறுதியா தெரிஞ்சது ஆந்த்ராசைக்ளின் வகையில ஏதோ ஒண்ணுங்கறது வரைக்கும்தான். அதனால மருந்துக்குப் போகாம ஒரு படி மேல இருக்கற வகைக்கே கோடு போடணும். சொல்பட்டியல்ல மேல கீழ அடுக்கு எதுக்கு இருக்குன்னா இதுக்குத்தான், தெரிஞ்ச அளவுக்கு எறங்கு, அதுக்கு மேல எறங்காதே.

இதுல என்ன பெரிய விஷயம்னா, இந்த வகை மருந்து இதயத்தைப் பாதிக்கும், வாழ்நாள் முழுக்கப் போட்டதோட கூட்டுத்தொகைக்கு வரம்பு இருக்கு. டாக்ஸோரூபிசினுக்கு சதுர மீட்டருக்கு 450லேர்ந்து 550 மி.கி. வரைக்கும்னு வெச்சிருக்காங்க. மார்பகத்துக்கு ஏசி, அதாவது டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், நாலு சைக்கிள் போட்டிருந்தா 60 வீதம் 240. இப்போ லிம்போமாவுக்கு டாக்ஸோரூபிசின் சேந்த ஆர்-சாப் ஆறு சைக்கிள்னா 50 வீதம் 300. கூட்டினா 540. பத்து வருஷம் முன்னாடி எழுதின ஒரு வரி ஒழுங்கா இருந்தா டாக்டர் முன்னாடியே எக்கோ பாத்து மருந்தை மாத்திக்கலாம். ஒழுங்கா இல்லன்னா அந்த அம்மா மறுபடி அந்த நாற்காலியில உக்காந்து அதே செவப்பு மருந்தை ஏத்திக்கும், அந்த 240 யாருக்கும் தெரியாமலே. நான் இந்த வேலையை விட்டுப் போகாம இருக்கறதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அடுத்து மருந்துகளுக்கு நம்பர்

ஒவ்வொரு மருந்துக்கும் ஜெனரிக் பேரை முதன்மைப் பேரா வெச்சு ஒரு நம்பர் குடுங்க. 1, 2, 3ன்னு வெறும் நம்பர் போதும், நம்பருக்குள்ள அர்த்தத்தைத் திணிக்காதீங்க. அர்த்தம் இருந்தா பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அர்த்தம் மாறினா நம்பரும் மாறியாகணும். உலக சுகாதார நிறுவனத்தோட ஏடிசி மருந்துப் பட்டியல்ல அப்படித்தான் ஆச்சு, இமாடினிப்ங்கற கேன்சர் மருந்து முன்னாடி எல்01எக்ஸ்இ01, 2021ல கைனேஸ் தடுப்பிகளுக்குத் தனி அடுக்கு போட்டப்போ எல்01இஏ01 ஆயிடுச்சு, பழைய நம்பர் வெச்சிருந்தவங்க எல்லாம் மாத்த வேண்டியதாச்சு.

பிராண்டு பேரெல்லாம் அந்த நம்பருக்குக் கீழ மாற்றுப்பேரா வரும். கிளிவெக்னு எழுதினாலும் வீனட்னு எழுதினாலும் இமாடினிப்தான். அமெரிக்காவோட ஆர்எக்ஸ்நார்ம் மருந்துப் பட்டியல் ரொம்ப நல்லது, ஆனா அது அமெரிக்க மார்க்கெட்டுக்காகப் போட்டது, நம்ம மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற பிராண்டுல முக்கால்வாசி அதுல இருக்காது, அதனால இந்திய பிராண்டுக்கு நீங்களே ஒரு டேபிள் வெச்சுத்தான் ஆகணும். ஃபார்மசி பர்ச்சேஸ் லிஸ்ட்டைக் கேட்டு வாங்குங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்.

ஒரே மாதிரி பேர் இருந்தா ஒரே மருந்துன்னு நெனச்சு சேத்துடாதீங்க, அது இங்கதான் அதிகமா நடக்குது. சாதாரண டாக்ஸோரூபிசினும் லைப்போசோமல் டாக்ஸோரூபிசினும் ஒண்ணு இல்ல, டோஸும் வேற பக்கவிளைவும் வேற. பாக்லிடாக்சல் மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னா பொதுவா 175, நாப்-பாக்லிடாக்சல்னா 260. ட்ராஸ்டுஸுமாபும் ட்ராஸ்டுஸுமாப் எம்டான்சினும் ஒண்ணா நெனச்சுட்டா ஆபத்துன்னுதான் 2013ல அமெரிக்க எஃப்டிஏ ரெண்டாவதுக்கு முன்னாடி "அடோ"ன்னு ஒட்டு சேத்து அனுமதி குடுத்தாங்க. இந்த மாதிரி ஜோடிகளுக்கு எல்லாம் தனித்தனி நம்பர், கூடவே "இதோட குழப்பிக்காதே"ன்னு ஒரு குறிப்பு.

ரெஜிமன்தான் கஷ்டமான பகுதி

கேன்சர்ல மருந்து தனியா வர்றது குறைவு, கூட்டமா வரும், அந்தக் கூட்டத்துக்குப் பேருதான் ரெஜிமன். ஆர்-சாப் எடுத்துக்கோங்க. ஆர் ரிடுக்ஸிமாப், சி சைக்ளோபாஸ்பமைடு, எச் ஹைட்ராக்ஸிடானோரூபிசின்னு டாக்ஸோரூபிசினுக்கு இருந்த பழைய பேரு, ஓ வின்கிரிஸ்டினோட ஆன்கோவின் பிராண்டு, பி பிரெட்னிசோன். டாக்ஸோரூபிசின் ஏசியில ஏ-வா வரும், அட்ரியாமைசின் பிராண்டுலேர்ந்து, இங்க எச்-ஆ வரும். பி-ங்கற எழுத்து எத்தனை ரெஜிமன்ல எத்தனை மருந்துக்கு நிக்குதுன்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க. அதனால எழுத்தைப் பிரிச்சு மருந்தைக் கண்டுபிடிக்கற வேலையே வேண்டாம். ரெஜிமனுக்குன்னு தனி நம்பர், அதுலேர்ந்து ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கோடு. மறுபக்கம், கேப்பாக்ஸ், கேப்ஆக்ஸ், ஜெலாக்ஸ் எல்லாம் ஒண்ணேதான், கேபிசிடபினும் ஆக்சாலிபிளாட்டினும். மூணு பேரு, ஒரே நம்பர்.

இந்த வேலையை ரொம்ப விரிவா செஞ்சு வெச்சிருக்கறது ஹீம்ஆன்க்ங்கற வெப்சைட். 2011ல ஜெரமி வார்னர், பீட்டர் யாங்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க தொடங்கினது. ரெஜிமன் ஒவ்வொண்ணையும் எந்த ஆய்வுல எந்த டோஸ்ல குடுத்தாங்கங்கறதோட சேத்து வெச்சிருக்காங்க, அதையே 2019ல, ஆஸ்பத்திரி டேட்டாவை எல்லாரும் ஒரே அமைப்புல வெக்கறதுக்கான ஓமாப் டேட்டா மாடலுக்கு ஏத்த சொல்பட்டியலாவும் வெளியிட்டாங்க. நீங்க சொந்தமா ரெஜிமன் உருவாக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கான்னு பாருங்க, மார்பகத்துக்கும் லிம்போமாவுக்கும் பெரும்பாலும் இருக்கும்.

அவங்ககிட்ட நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம், மருந்தோட வேலை மருந்துமேல எழுதியிருக்காது, கோட்டு மேல எழுதியிருக்கும். டெக்சாமெத்தசோனைப் பாருங்க. ஏசி போடற அன்னைக்கு வாந்தி வராம இருக்கக் குடுத்தா அது துணை மருந்து. அதே மாத்திரை மைலோமாங்கற ரத்தப் புற்றுநோய்க்கு விஆர்டி ரெஜிமன்ல வந்தா அது கேன்சருக்கான மருந்தே. லியூகோவோரின் இன்னும் சுவாரசியம், ஃபோல்ஃபாக்ஸ் ரெஜிமன்ல 5-எஃப்யூங்கற கேன்சர் மருந்தோட வேகத்தைக் கூட்டும், அதிக டோஸ் மெத்தோட்ரெக்சேட் போட்ட பிறகு குடுத்தா உடம்பைக் காப்பாத்தும், ஒரே மருந்து நேரெதிர் ரெண்டு வேலை. மருந்துப் பட்டியல்ல "துணை மருந்து - ஆம் / இல்லை"ன்னு ஒரு காலம் போட்டீங்கன்னா எப்படிப் போட்டாலும் தப்பாத்தான் வரும். அதனால கோடு போடறப்பவே எந்த உறவுன்னு எழுதுங்க, இந்த ரெஜிமன்ல இந்த மருந்து கேன்சர் மருந்தா, துணையா.

எப்போ புது ரெஜிமன், எப்போ அதே ரெஜிமன்னு சண்டை வரும், வரட்டும். நாங்க வெச்சிருக்கற வழக்கம் இது. மருந்து மாறினா புதுசு, சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின்னா வேற நம்பர். அட்டவணை மட்டும் மாறினா அதே நம்பருக்குக் கீழ ஒரு வகை, ஏசி முடிஞ்சு பாக்லிடாக்சல் வாரம் 80 வீதம் பன்னெண்டு தடவையா, மூணு வாரத்துக்கு 175 வீதம் நாலு தடவையாங்கறது அப்படி. பேஷன்ட் தாங்கலன்னு டோஸைக் குறைச்சா ரெஜிமனைத் தொடவே கூடாது, அது அந்தப் பேஷன்ட்டோட கதை.

இங்கேர்ந்துதான் அடுத்த விஷயம், போட நெனச்சதும் போட்டதும் தனித்தனியா இருக்கணும். ஆர்-சாப் ஆறு சைக்கிள்னு ப்ளான். நாலாவது சைக்கிள்ல கை கால் மரத்துப் போய் சட்டை பட்டன் போட முடியலன்னு சொல்லி வின்கிரிஸ்டினை நிறுத்திட்டாங்க. ஃபைல் மேல இன்னும் ஆர்-சாப்னுதான் இருக்கும். ஓமாப்ல இதுக்கு வழி இருக்கு, எபிசோடுங்கற டேபிள்ல ரெஜிமன், ட்ரக் எக்ஸ்போஷர்ங்கற டேபிள்ல அன்னைக்கு அன்னைக்குப் போன மருந்து, ரெண்டையும் இணைக்க இன்னொரு டேபிள். ஸ்ப்ரெட்ஷீட்லயே ரெண்டு ஷீட் வெச்சு இதைச் செய்யலாம். ரெண்டாவது ஷீட்டுக்கு டாக்டர் நோட்ஸை நம்பாதீங்க, நர்ஸ் சார்ட்டைப் பாருங்க, சிஸ்டர் கையெழுத்து போட்ட மருந்துதான் உடம்புக்குள்ள போன மருந்து.

நோயை எழுதறது

இது சிகிச்சையைவிட சுலபம், ஏன்னா புற்றுநோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட ஐசிடி-ஓ நம்பர் பட்டியல் இருக்கு, 1976லேர்ந்து. ரெண்டு கேள்விக்குத் தனித்தனியா பதில் கேக்கும், எங்க வந்தது, என்ன மாதிரி செல். மார்பகத்தோட மேல்-வெளிப்பக்கம் சி50.4, பால்குழாயிலேர்ந்து பரவற வகை 8500/3. கன்னத்து உள்பக்கம் சி06.0, செதிள் செல் வகை 8070/3. சாய்கோடுக்குப் பின்னாடி இருக்கற 3 அங்கேயே ஆரம்பிச்ச புற்றுநோய்னு சொல்லுது, 2ன்னா இன்னும் பரவாம இருக்கற இடத்துலயே இருக்குது, 0ன்னா சாதாரணக் கட்டி. 1982லேர்ந்து சென்னையில அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல நடக்கற மக்கள்தொகை ரெஜிஸ்ட்ரி மாதிரி இடங்கள்ல எல்லாம் இந்த மாதிரிதான் இடம், செல்னு பிரிச்சு எழுதறாங்க, நீங்களும் அதையே எழுதினா நாளைக்கு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

ஒரு குழி இருக்கு. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் போயிருக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் முழுக்க கல்லீரல் கல்லீரல்னு இருக்கும், அதைப் பாத்து சி22 போட்டுடுவாங்க. அது கல்லீரல் புற்றுநோய் இல்ல, கல்லீரல்ல இருக்கற மார்பகப் புற்றுநோய். ஆரம்பிச்ச இடம் சி50-தான், கல்லீரல் பரவின இடம்னு வேற காலத்துல வரணும்.

ஸ்டேஜ் எழுதறப்போ எந்தப் பதிப்புன்னு கூடவே எழுதுங்க, கட்டாயம். வாய்ப் புற்றுநோய்க்கு ஏஜேசிசிங்கற அமெரிக்கக் குழுவோட ஸ்டேஜ் விதிகள் எட்டாம் பதிப்புல கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்குங்கறதும் டி கணக்குல (கட்டியோட அளவைச் சொல்றது) சேந்துடுச்சு, அதனால ஏழாம் பதிப்பு டி1 எட்டாம் பதிப்புல டி2 ஆகலாம், நோய் அதேதான், அளவுகோல்தான் மாறிச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறது சிகிச்சையோட சூழல், அதுவும் தனிக் காலம். "ரெண்டாவது லைன்"ங்கற மாதிரி வார்த்தைங்க யாரோ ஒருத்தரோட முடிவு, நேரடியா பாத்த உண்மை இல்ல, யார் சொன்னாங்கன்னு பக்கத்துல போட்டு வெச்சா போதும்.

வெளிப் பட்டியல்களோட இணைக்கறது

உங்க நம்பரெல்லாம் தயாரான பிறகுதான் இது, முன்னாடி இல்ல. நோய்க்கு ஸ்னோமெட் சிடிங்கற உலகளாவிய மருத்துவச் சொல்பட்டியல், இந்தியா 2014லேர்ந்து உறுப்பு நாடு, நம்ம நாட்டுல பயன்படுத்தக் காசு கட்ட வேண்டாம், புனே சிடாக்ல இருக்கற தேசிய மையம் வழியா பதிவு பண்ணி எடுக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அதுல 254837009. ஓமாப் பக்கம் போறதா இருந்தா அதீனாங்கற வெப்சைட்ல ஸ்னோமெட், ஐசிடி-ஓ, ஆர்எக்ஸ்நார்ம், ஹீம்ஆன்க் எல்லாத்தையும் ஒரே இடத்துல தேடலாம், ஒவ்வொண்ணும் ஸ்டாண்டர்டா இல்லையா, இல்லன்னா எதுக்கு மாத்தணும்னும் அதுவே காட்டும்.

இணைக்கறப்போ மூணு வகைதான், சரியா அதே, அதைவிடப் பெருசு, அதைவிடச் சின்னது. செவப்பு மருந்து ஆந்த்ராசைக்ளின்னு போனது ரெண்டாவது வகை. எதுவும் பொருந்தலன்னா காலியா விடுங்க, பக்கத்துல இருக்கறதை இழுத்துப் போட்டு ஒட்டாதீங்க. காலியா இருந்தா பின்னாடி யாராவது தேடி நிரப்புவாங்க, தப்பா நிரப்பி வெச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரு நம்பர் தேவையில்லன்னு முடிவானா அழிக்காதீங்க, "நிறுத்தியாச்சு, இதுக்குப் பதில் அது"ன்னு தேதியோட எழுதுங்க, அந்த நம்பரை வேற எதுக்கும் எப்பவும் குடுக்காதீங்க.

சரியா இருக்கான்னு பாக்க

அம்பது ஃபைல் எடுத்து ரெண்டு பேர் தனித்தனியா, பேசிக்காம, கோடு போடுங்க. அப்புறம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒத்துப்போகாத ஒவ்வொரு வரியும் உங்க விதியில இருக்கற ஓட்டை, ஆளோட தப்பு இல்ல, அதனால யார் பேரையும் எழுதாம விதியைத் திருத்துங்க. முதல் தடவை நிறைய வரும், பயப்படாதீங்க.

தீராத வரிகளுக்கு டாக்டர்கிட்டதான் போகணும். வெள்ளிக்கிழமை ஓபி முடிஞ்ச பிறகு நாங்க போவோம், ஒரு தடவைக்குப் பத்து கேள்விக்கு மேல இல்ல, ஒரே தாள்ல. "இது என்ன ரெஜிமன் சார்?"னு கேட்டா அவங்களும் ஞாபகத்துலேர்ந்து ஒரு பேர் சொல்லிடுவாங்க. அதனால ஃபைல்ல இருக்கற வரியை உள்ளபடி எழுதி, நர்ஸ் சார்ட்ல பாத்த மருந்து, டோஸ், தேதியை அதுக்குக் கீழ எழுதி, "மேடம், சார்ட்ல டோசிடாக்சல் 75, சைக்ளோபாஸ்பமைடு 600 இருக்கு, 21 நாளைக்கு ஒண்ணு, நாலு தடவை. நாங்க மார்பக டிசி-ன்னு போடறோம், சரியா?"ன்னு கேளுங்க. ஆமா, இல்லைன்னு ஒரு டிக் போட்டுக் கையெழுத்து போட்டுக் குடுப்பாங்க, அந்தத் தாளை ஸ்கேன் பண்ணி அந்த நம்பரோடயே சேத்து வெச்சுடுங்க.